அரை சவரனுக்கு ஒரு டன் பாறை

கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் சாலையில் நாடுகாணியைத் தாண்டினால் தேவாலா. தமிழ்நாட்டில் அதிக மழை வாங்கும் ஊர்களில் ஒன்று என்பதால் ஜூன், ஜூலையில் அதன் பெயர் செய்தியில் அடிபடும். மற்ற மாதங்களில் எப்போதாவது வேறொரு செய்தி வரும். கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்துக்குள் திருட்டுத்தனமாக இறங்கியவர் மண் சரிந்தோ மூச்சுத் திணறியோ இறந்துபோனார் என்று. படிப்பவர்களுக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். நீலகிரியில் தங்கமா? இருந்தால் ஏன் யாரும் எடுக்கவில்லை?

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: உண்டு. இரண்டாவதற்குப் பதில் சொல்ல இரு நூற்றாண்டுக் கதை வேண்டும். எடுக்கத்தான் செய்தார்கள், எடுத்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

கூடலூர், பந்தலூர் வட்டாரம் அப்போது தென்கிழக்கு வயநாடு. மலபார் மாவட்டத்தில் இருந்த அதை 1877-ல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். அங்கே தரைக்கடியில் பெரும்பாலும் இருப்பது நைஸ் பாறை. 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசைந்தெடுக்கப்பட்ட, வரிவரியான பாறை. பக்கத்திலேயே மோயாறு ஓடும் கோட்டை ஒட்டி, பூமியின் மேலோட்டில் ஒரு பெரிய பிசகல் இருக்கிறது. இரு பக்கத்துப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த மண்டலம். அப்படி நகரும்போது வெடிப்புகள் விழும். ஆழத்திலிருந்து சூடான, உப்பும் கந்தகமும் கரைந்த நீர் அந்த வெடிப்புகளில் ஏறும். மேலே வர வர அழுத்தமும் சூடும் குறைந்து, கரைந்திருந்தவை எல்லாம் படியும். முக்கால்வாசி படிவது சிலிக்கா. நம் ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்று சொல்வோமே, அந்த வெள்ளைக் குவார்ட்ஸ். அதோடு இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், கூடவே துளித்துளியாகத் தங்கம். தேவாலா, பந்தலூர் மலைச்சரிவுகளில் இந்தக் குவார்ட்ஸ் நரம்புகள் நைஸ் பாறையின் வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடக்கின்றன.

இனி மழையின் வேலை. ஆண்டாண்டாகக் கொட்டும் மழையில் மேல்பகுதிப் பைரைட் துருப்பிடித்துக் கரைகிறது. வெள்ளைக் கல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்து செம்பழுப்பாகிறது. கந்தகம் கரைந்து போய், இரும்பு துருவாகிவிட்ட பிறகும் மாறாமல் நிற்பது தங்கம். ஆகவே மேல்தட்டில் தங்கம் கூடுதலாகத் தெரியும், கையால் இடித்தாலே பிரிந்தும் வரும். இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இதுவே வேர்.

அந்தத் தங்கத்தில் ஒரு பங்கை ஆறுகள் அடித்துக்கொண்டு போகும். தேவாலாப் பக்கத்துத் தண்ணீர் மலையிறங்கி நிலம்பூர் வழியாகச் சாலியாற்றில் சேர்கிறது. அங்கே பொன் அரிப்பது பழைய தொழில். குழிந்த மரத்தட்டு ஒன்று, மரவை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஆற்று மணலை அள்ளித் தண்ணீருக்குள் சாய்த்துச் சுழற்றுவார்கள். முதலில் மண்ணும் இலைச்சருகும் போகும், பிறகு வெள்ளை மணல். கடைசியில் தட்டின் அடியில் கறுப்பு மணல் ஒரு பிறை போல ஒதுங்கி நிற்கும். அந்தப் பிறையின் விளிம்பில் நாலைந்து மஞ்சள் புள்ளிகள். கண்ணுக்குத் தெரிந்தாலும் விரலால் எடுக்க முடியாது. ஒரு சொட்டுப் பாதரசத்தை விட்டு உருட்டினால் அது பொறுக்கிக்கொள்ளும். துணியில் பிழிந்து, மிச்சத்தைச் சுட்டால் ரசம் ஆவியாகித் தங்கம் நிற்கும். ஆவியைச் சுவாசிப்பவர் உடம்புக்கு அது நஞ்சு என்பது தனிக்கதை.

மலைமேல் பணியர்களும் குறும்பர்களும் மணல் அரித்ததோடு நிற்கவில்லை. பாறையையே குடைந்திருக்கிறார்கள். குவார்ட்ஸ் நரம்பைப் பின்தொடர்ந்து செங்குத்தாக இறங்கும் குறுகிய குழிகளைப் பின்னால் வந்த வெள்ளைக்காரப் பொறியாளர்கள் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். வியந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குழியைத் தோண்டியவர் யாருக்காகத் தோண்டினார் என்று யோசித்தார்கள்? பணியர்கள் அன்று நிலவுடைமை ஜென்மிகளின் அடிமைகள். தங்கம் அவர்கள் கையில் தங்கவில்லை.

ஆங்கிலேயர் காதுக்குச் செய்தி சீக்கிரமே எட்டிவிட்டது. 1831-ல் மலபார் கலெக்டர் ஷெஃபீல்டு அரசுக்கு அறிக்கை அனுப்பினார். நிக்கல்சன் என்ற ராணுவ அதிகாரியை ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் உற்சாகம், பிறகு காய்ச்சல், கடைசியில் கட்டுப்படியாகாது என்ற முடிவு. கோப்பு மூடப்பட்டது.

அதைத் திரும்பத் திறந்தது காப்பி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வயநாட்டுக் காடுகளை அழித்துக் காப்பி போட்டார்கள். தோட்டங்களுக்கு வந்தவர்களில் ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிப் பழகியவர்களும் இருந்தார்கள். வெங்கச்சங்கல்லைப் பார்த்தவுடன் அவர்களுக்குக் கை பரபரத்தது. 1874-ல் தேவாலா அருகே ஆல்ஃபா என்ற கம்பெனி தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். நிலவியலாளர்களுக்கே உரிய, இரு பக்கமும் கால் வைத்த எழுத்து.

இதற்குள் காப்பிக்குக் கேடு வந்துவிட்டது. 1869-ல் இலங்கையில் தென்பட்ட இலைத் துரு நோய் கடல் தாண்டி வயநாட்டுக்கும் வந்தது. போதாததற்குத் தண்டு துளைப்பான். தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிலத்தின்மேல் செடி செத்துக்கொண்டிருந்தது. நிலத்தின்கீழ் தங்கம் இருப்பதாகப் பேச்சு. விற்கிறவன் மனநிலையை நாம் ஊகிக்கலாம்.

1879-ல் ராபர்ட் புரோ ஸ்மித்தை அரசு வரவழைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்தவர். ஊழியர்களை நடத்திய விதம் பற்றி ஒரு விசாரணை நடந்து, 1876-ல் அந்தப் பதவியை விட்டிருந்தவர். 1880-ல் வெளியான அவர் அறிக்கை தேவாலாவின் நரம்புகளை வரிசைப்படுத்திக் காட்டியது. நம்பிக்கை தரும் மாதிரிகளையும் கொடுத்தது. லண்டனுக்கு அது போதும். 1880, 81-ல் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. இந்தியன் ஃபீனிக்ஸ், ரோட்ஸ் ரீஃப், க்ளென்ராக், தேவாலா மோயாறு என்று பெயர்கள். அறிவிக்கப்பட்ட மொத்த மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல்.

அந்தத் தொகையை நம் கணக்கில் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. நகைக்கடையில் நாம் சொல்லும் சவரன் என்பதே அன்றைய ஒரு பவுண்டு நாணயத்தின் பெயர். சுமார் 8 கிராம் எடை. ஆக, தேவாலாவின் பேரில் லண்டனில் கேட்கப்பட்டது 40 லட்சம் சவரன். எடையில் 32 டன் நாணயம். அதில் பெரும் பகுதி சுரங்கத்துக்குள் போகவே இல்லை. நோய் பிடித்த காப்பித் தோட்டங்களைத் தங்க நிலம் என்று விற்றவர்களுக்கும், நடுவில் நின்ற தரகர்களுக்கும் போனது. மிச்சத்தில் இயந்திரம் வாங்கினார்கள். பேப்பூரில் இறக்கி, மாட்டு வண்டியில் மலையேற்றிய அந்த இரும்பில் கொஞ்சம், நிறுவப்படாமலே துருப்பிடித்தது. ஆள் நடமாட்டமில்லாத பந்தலூர் திடீரென்று கடை, தபால், தந்தி என்று நகரமானது. மழைக்கு முந்தைய மாதங்களில் காய்ச்சல் வந்ததும் கூலியாட்கள் ஊருக்கு ஓடினார்கள்.

பாறையை இடிக்க அவர்கள் கொண்டுவந்த இயந்திரம் வேறொன்றுமில்லை, நீராவியிலோ தண்ணீர்ச் சக்கரத்திலோ ஓடும் இரும்பு உலக்கை வரிசை. இடித்த கூழைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவேண்டும். மேல்தட்டுக் கல்லில் ஒட்டியது. சில பத்து அடி கீழே போனதும் துருப்பிடிக்காத, பளபளக்கும் பைரைட் வந்துவிட்டது. தங்கம் அதற்குள் சிறைப்பட்டிருந்தது, ரசத்துக்குக் கிட்டவில்லை. பைரைட் கலந்த கல்லிலிருந்தும் தங்கத்தைக் கரைத்தெடுக்க உதவிய சயனைடு முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1887-ல்தான். அதற்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்துவிட்டன.

சயனைடு முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா? இல்லை என்றே நினைக்கிறேன். பிரச்சினை அதற்கும் முன்னால், மாதிரி எடுப்பதில் இருந்தது. குவார்ட்ஸ் நரம்பில் தங்கம் சமமாகக் கலந்திருக்காது. வெண்பொங்கலில் முந்திரி மாதிரி, ஒரு கரண்டியில் மூன்று, அடுத்த நாலு கரண்டியில் ஒன்றுகூட இல்லை. முந்திரி தெரிந்த கரண்டியை மட்டும் லண்டனுக்கு அனுப்பினால் அண்டா முழுக்க முந்திரி என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம்கூட வேண்டாம். கை தானாக மினுக்கும் கல்லுக்குத்தான் போகும். சரியான முறை, நரம்பின் குறுக்கே ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் கால்வாய் போல வெட்டி, வந்த தூள் அத்தனையும் அள்ளுவது. நல்லதோ கெட்டதோ, பார்க்கக்கூடாது. பிறகு ஈயத்தோடு உருக்கி, எலும்புச் சாம்பலில் செய்த மூசையில் வைத்துச் சுடுவது. ஈயத்தைச் சாம்பல் குடித்துவிட, குண்டூசித் தலையளவு மணி ஒன்று நிற்கும். அதை நிறுத்தால் உண்மை தெரியும்.

அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் ஹேடன், ஹாட்ச் என்ற இரு நிலவியலாளர்கள். நிலவியல் ஆய்வுத் துறை வெளியீடாக 1901-ல் வந்த அவர்கள் அறிக்கை வயநாட்டுக் கனவுக்குக் காரியம் செய்தது. டன்னுக்கு ஒரு சில பென்னிவெயிட்டுக்கு மேல் தேறவில்லை. மூன்று பென்னிவெயிட் என்றே வைத்துக்கொண்டால் சுமார் நாலரை கிராம், அரை சவரனுக்குச் சற்றே அதிகம். ஒரு டன் குவார்ட்ஸ் என்பது ஏறத்தாழ இரண்டரை அடிக் கனசதுரக் கட்டி. அதை மலைக்குள்ளிருந்து வெட்டி, இழுத்து, மாவாக இடித்தால் ஒரு பட்டாணி அளவு தங்கம். அதுவும் பட்டாணியாக அல்ல, மாவெங்கும் தூவிய தூசாக.

இதே ஆண்டுகளில் கோலாரில் நடந்ததை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கேயும் பழங்காலக் குழிகள், அங்கேயும் 1802-ல் வாரன் என்ற ராணுவ அதிகாரியின் தேடல், அங்கேயும் 1880 வாக்கில் லண்டன் பணம், அங்கேயும் தோல்வி. 1883-ல் மைசூர் கம்பெனியின் பங்குதாரர்கள் மூட்டை கட்டும் நிலையில் இருந்தார்கள். மிச்சமிருந்த பணத்தில் கடைசியாக ஒரு முயற்சி பார்த்த கேப்டன் பிளம்மர், மாரிகுப்பத்தில் முன்னோர் தோண்டி விட்ட ஆழத்துக்குக் கீழே இறங்கினார். சாம்பியன் என்று பெயர்பெற்ற நரம்பு சிக்கியது. ஆரம்ப ஆண்டுகளில் டன்னுக்கு ஒரு அவுன்சுக்கு மேல், கிட்டத்தட்ட நாலு சவரன். 2001-ல் மூடும் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள்தான் அந்த ஆழத்தில் பெரும்பாலும் நின்றார்கள்.

பழைய குழிக்குக் கீழே போ என்ற அதே புத்தி தேவாலாவிலும் இருந்தது. வித்தியாசம் பாறையில். கோலாரில் 80 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய எரிமலைப் பாறைப் பட்டை ஒன்று கிடக்கிறது. நரம்பு அதற்குள் அறுபடாமல் ஓடுகிறது. தேவாலாவில் துண்டு துண்டான நரம்புகள், ஏழைக் கல். குழி வெட்டியவர்கள் நின்ற இடத்தில் நின்றது தண்ணீர் வந்ததாலோ கருவி போதாததாலோ என்று கோலாரில் சொல்லலாம். தேவாலாவில் பெரும்பாலும் தங்கம் குறைந்ததால் நின்றிருப்பார்கள். மேலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு குழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்றைய விலையில் கணக்கு மாறாதா என்று கேட்கலாம், மாறும். உலகில் பல திறந்தவெளிச் சுரங்கங்கள் டன்னுக்கு ஒரு கிராமுக்கே ஓடுகின்றன. ஆனால் அவை மலையையே வாரிக் கொட்டும் சுரங்கங்கள். தங்கம் பாறை முழுக்கப் பரவிய இடங்கள். மெல்லிய நரம்பைத் தேடிப் போகிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு மேல், கம்பெனி நிலங்கள் தேயிலையாகிவிட்டன. இலங்கையுடனான 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இதே வட்டாரத்தில் குடியேறின. சுற்றிலும் யானை நடமாடும் காடு. க்ளென்ராக் என்பது இப்போது வெறும் இடப்பெயர்.

மழை நின்று ஆறு வடிந்தால், கீழே நிலம்பூர்ப் பக்கம் சிலர் மரத்தட்டோடு சாலியாற்றில் இறங்குவார்கள். மலையிலிருந்து அந்த ஆண்டு வந்தது அந்த ஆண்டுக்கு. அன்றைய கூலிக்குக் கட்டுப்படியானால் மறுநாளும் வருவார்கள்.