நரம்புகளின் கதை – 6: கம்பியில் ஓடாத மின்சாரம்

தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். நரம்பில் ஓடுவது மின்சாரம் என்றால் ஏன் இத்தனை மெதுவாக ஓட வேண்டும்? இதற்குத் தெளிவான விடை கிடைக்க நூறு ஆண்டுகள் ஆயின. விடை கிடைத்தது கணவாயிடமிருந்து.

ஆபத்தைக் கண்டால் கணவாய் உடலைச் சட்டென்று சுருக்கி, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாயும். அந்தத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் ஆக்ஸான் எனும் நரம்பிழை அரை மில்லிமீட்டர் பருமன் இருக்கும். நம் உடலில் மிகத் தடித்த இழையே அதில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

1939 ஆகஸ்ட். இங்கிலாந்தின் பிளிமத் கடலுயிர் ஆய்வுக்கூடம். ஆலன் ஹாட்ஜ்கினுக்கு 25 வயது, ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 21. கணவாயின் இழையைச் செங்குத்தாக நிறுத்தி, உட்புற மின்னழுத்தத்தை அளக்க அதன் வெட்டுவாய் வழியே பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடிக் குழாயை இறக்கினார்கள். குழாய் பக்கச் சுவரை உரசினால் இழை பாழ். அதனால் கண்ணாடி வைத்துப் பக்கவாட்டுத் தோற்றத்தையும் பார்த்தபடியே இறக்கினார்கள்.

நரம்பு ஓய்ந்திருக்கும்போது அதன் உட்புறம் எதிர்மின்னாக இருக்கும். செய்தி கடக்கையில் சவ்வில் கசிவு ஏற்பட்டு அது சுழியத்துக்கு வரும் என்பதே அன்றைய நம்பிக்கை. ஆனால் மின்னழுத்தம் சுழியத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, நேர்மின் பக்கம் சுமார் 40 மில்லிவோல்ட் வரை ஏறியது. வெறும் கசிவால் இது நடக்காது. காரணத்தைத் தேடுவதற்குள் உலகப்போர் மூண்டது.

போர் முடிந்து திரும்பியவர்கள் 1952-இல் முழு விளக்கத்தை வெளியிட்டார்கள். செய்தி வந்ததும் சவ்வில் சோடியத்துக்கான வழி திறக்கிறது. வெளியே மிகுதியாக உள்ள சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உடனே அந்த வழி அடைபட, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கிறது. ஓரிரு மில்லிவிநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் பக்கத்து இடத்தின் சோடிய வழி திறந்திருக்கும்.

சரவெடியைப் போலத்தான். ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைக்கிறது. கடைசி வெடியும் முதல் வெடியின் சத்தத்தோடே வெடிக்கிறது. கால் விரலில் முள் தைத்த செய்தி ஏறத்தாழ ஒரு மீட்டர் பயணம் செய்து தண்டுவடத்தை அடையும்போதும் துளியும் தேய்வதில்லை. வழிநெடுகப் புதிதாகப் பிறப்பதால்தான் அது மெதுவாக வருகிறது. அதனால்தான் குறையாமலும் வந்து சேர்கிறது. சரவெடி ஒருமுறைதான், நரம்போ அடுத்த நொடியே மீண்டும் தயார்.

பல் பிடுங்கும் முன் மருத்துவர் போடும் லிக்னோகெயின் ஊசி இந்தச் சோடிய வழிகளைத்தான் அடைக்கிறது. பல்லில் வலி எழ வேண்டிய காரணம் அப்படியே இருக்கிறது; செய்தி மட்டும் நடுவழியில் நின்றுவிடுகிறது.

வேகத்துக்காகக் கணவாய் இழையைப் பருமனாக்கியது. நம் நரம்புகள் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றிக்கொண்டன. உறையின் இடைவெளிகளில் மட்டும் செய்தி புதுப்பிக்கப்படுவதால், மெல்லிய இழையிலேயே விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் பாய்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறை சிதைகிறது. பார்வை மங்குவதும் நடை தடுமாறுவதும் அதனால்தான்.

இழையின் முனைக்கு வந்த செய்தி அடுத்த நரம்பணுவுக்குத் தாவ வேண்டும். இடையே நுண்ணிய இடைவெளி. பெரும்பாலும் மின்சாரம் அதைத் தாண்டுவதில்லை. பிறகு எது தாண்டுகிறது? ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1921-இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து அதைக் கண்டுபிடித்தார். அந்தச் சோதனையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)