பாரத்தை இறக்கிய பிறகு ஏன் மயக்கம்?

2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 510 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ‘மலை’யாக வந்த அதே ஐஸ்லாந்துக்காரர்தான். தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து, முழுசாக நிமிர்ந்து, நடுவர் கை காட்டும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான் போட்டி. செய்தியைப் படித்துவிட்டுத் திருச்செங்கோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “2016-இல் 500 கிலோ தூக்கிய எடி ஹாலின் காணொளியையும் பார்த்தேன். தூக்கும்போது நன்றாகத்தான் நிற்கிறார். கீழே வைத்த பிறகுதான் மூக்கில் இரத்தம் வழிய மயங்கிச் சரிகிறார். பாரம்தான் போய்விட்டதே, அப்புறம் ஏன் விழுகிறார்?”

‘மனித உடலின் எல்லை இதுதானா?’ என்று கேட்காததற்கே அவருக்கு ஒரு கும்பிடு. 500 கிலோ தூக்கிய அன்றைக்கே அந்தக் கேள்வியைத் தலைப்பாகப் போட்டார்கள். 2020 மே மாதம் பியோர்ன்சன் ஐஸ்லாந்தில் தன் சொந்த ஜிம்மில் 501 தூக்கினார், 2025 ஜூலையில் ஜெர்மனியில் 505, செப்டம்பரில் 510. ஒன்பது ஆண்டில் ‘எல்லை’ பத்துக் கிலோ நகர்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஸ்ட்ராங்மேன் போட்டியில் மணிக்கட்டோடு கம்பியைச் சேர்த்துக் கட்டும் பட்டைக்கு அனுமதி உண்டு, பவர்லிஃப்டிங்கில் கிடையாது. ஆகவே எல்லையின் ஒரு பகுதி உடம்பில் இருக்கிறது, ஒரு பகுதி விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

வரலாறு இல்லாமல் கட்டுரை செரிக்காது என்பவர்களுக்காக: கல் தூக்கிப் பலம் காட்டும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நம்மிடம் இளவட்டக்கல் இருக்கிறது. ஐஸ்லாந்தில் டிரிட்விக்கை அடுத்த ஜூபாலோன்சாண்டுர் கடற்கரையில் நான்கு கற்கள் இன்னும் கிடக்கின்றன. மிகப் பெரியது 154 கிலோ. எந்தக் கல்லைத் தூக்குகிறான் என்று பார்த்துத்தான் மீன்பிடிப் படகில் ஆள் எடுப்பார்கள். ஆனால் ‘உலகின் பலசாலி’ என்ற போட்டி பழமரபு எதுவும் இல்லை. 1977-இல் கலிஃபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தொலைக்காட்சிக்காகவே தயாரான சரக்கு அது. முதலாண்டிலேயே முதுகில் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடும் பந்தயம் வைத்து, ஃபிராங்கோ கொலம்பு என்ற ஆணழகனின் காலை ஒரு வழி பண்ணினார்கள்.

இனி கேள்விக்கு வருவோம். கம்பி அருகே போவதற்கு முன் ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அம்மோனியா குப்பியை மூக்கருகே காட்டுகிறார்கள்; தலையை வெடுக்கென்று பின்னால் இழுக்கிறார். இரண்டு மூன்று முறை வேகமாக மூச்சு வாங்குகிறார். இடுப்பு பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்குகிறார். பிறகு வயிறு புடைக்க மூச்சிழுத்து, குரல்வளையை மூடிக்கொண்டு, மூடிய வாசலை எதிர்த்து முக்குகிறார். தமிழில் இதைத் தம் கட்டுதல் என்கிறோம். மருத்துவப் புத்தகத்தில் இதற்கு வல்சல்வா என்ற இத்தாலியரின் பெயர். அவர் இதை விவரித்தது 1704-இல், அதுவும் காதில் கட்டிய சீழை வெளியே தள்ளும் உபாயமாக.

தம் கட்டாமல் இந்தப் பாரத்தை நகர்த்தவே முடியாது. நுரையீரலில் அடைபட்ட காற்று மேலிருந்து அழுத்துகிறது, உதரவிதானம் கீழிறங்கி வயிற்றை அழுத்துகிறது, வயிற்றுத் தசையும் பெல்ட்டும் வெளியே பிதுங்க விடாமல் தடுக்கின்றன. உடம்பின் நடுப்பகுதி இறுகி, முதுகெலும்பு மடங்காமல் நிற்கிறது. இதற்கு விலை இரத்த அழுத்தம். 1985-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டங்கன் மக்டூகல் குழுவினர் ஐந்து ஆணழகர்களின் கைத்தமனிக்குள் நேரடியாகக் குழாய் செருகி, காலால் எடை தள்ளச் சொல்லி அளந்தார்கள். உச்ச அழுத்தம் சராசரியாக 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. டாக்டர்கள் மேசையில் வைத்திருந்த பழைய பாதரச பி.பி. கருவியில் 300-க்கு மேல் கோடே கிடையாது.

480-ஐப் பார்த்ததும் எவருக்கும் தோன்றுவது, மூளையில் ஏதாவது ஒரு குழாய் வெடித்திருக்க வேண்டுமே என்பதுதான். வழக்கமாக வெடிப்பதில்லை. ஏன் வெடிப்பதில்லை என்ற இடத்தில்தான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் பிரியமே வந்தது.

சைக்கிள் டியூபை டயருக்கு வெளியே எடுத்துப் போட்டுக் காற்றடித்துப் பாருங்கள். பத்து அடியில் பூசணிக்காய் அளவு ஊதி வெடித்துவிடும். டயருக்குள் இருக்கும்போது அதைவிடப் பல மடங்கு காற்றைத் தாங்குகிறது. டியூபின் சுவருக்கு உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பது முக்கியமே இல்லை. உள்ளுக்கும் வெளிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு. மூளையின் இரத்தக்குழாய்கள் டியூப் என்றால், அவற்றைச் சுற்றி நிற்கும் மூளைத் தண்டுவட நீர்தான் டயர். விசேஷம் என்னவென்றால், இந்த டயருக்கும் அதே பம்பிலிருந்துதான் காற்று போகிறது. தம் கட்டும்போது மார்பிலும் வயிற்றிலும் ஏறும் அழுத்தம், முதுகெலும்பை ஒட்டி ஓடும் வால்வில்லாத சிரைகள் வழியாகத் தண்டுவட நீருக்குப் போகிறது. அங்கிருந்து அந்தக் கணமே மண்டை ஓட்டுக்குள். தமனிக்குள் அழுத்தம் ஏறும்போதே வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் அழுத்தமும் ஏறிவிடுகிறது. இருமும்போதும் முக்கும்போதும் இப்படித்தான் நடக்கிறது என்று 1944-லேயே அமெரிக்காவில் அளந்துவிட்டார்கள். முழு 480-க்கும் முட்டு கிடைக்காது. அதில் மார்பழுத்தம் கூட்டிய பங்குதான் கழியும். இறுகிய தசைகள் தம் குழாய்களை நெரித்து ஏற்றிய பங்கு பாக்கி நிற்கும். ஆனாலும் அந்தக் கழிவு சாதாரணமானதல்ல.

உவமையை இன்னும் கொஞ்சம் உருட்டுகிறேன். டயரில் ஒரு வெட்டு விழுந்திருந்தால் டியூப் அந்த இடத்தில் மட்டும் வெளியே பிதுங்கும். மூக்கின் மெல்லிய சவ்வும் கண்ணின் வெள்ளை விழியும் மண்டை ஓட்டுக்கு வெளியே, தண்டுவட நீரின் முட்டு எட்டாத இடத்தில் இருக்கின்றன. அதனால்தான் மூக்கில் இரத்தம் வருகிறது, கண் சிவக்கிறது, கன்னத்தில் செம்புள்ளி தெளிக்கிறது. ‘மூளை வெடித்தது’ என்று தலைப்புப் போட்டவர்கள் வெட்டு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு முழு சக்கரமும் போச்சு என்கிறார்கள்.

இப்போது நடுவர் கை காட்டுகிறார். கம்பி தரையில் விழுகிறது. மூச்சு பக்கென்று வெளியேறுகிறது. வால்டியூபைப் பிடுங்கியாயிற்று. அத்தனை நேரம் மார்பின் உள்ளழுத்தம், இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. இதயத்தின் இடது அறையில் அனுப்புவதற்குச் சரக்கு இல்லை. நெரித்துக்கொண்டிருந்த தொடைத் தசைகள் தளர்கின்றன. பிராணவாயுவுக்குத் தவித்துக்கொண்டிருந்த குழாய்கள் அகலத் திறக்கின்றன. இரத்தம் காலுக்கு ஓடுகிறது. ஆளோ அப்போதும் நெட்டுக்குத்தாக நிற்கிறார். ஓரிரு நொடிக்குள் அழுத்தம் உச்சியிலிருந்து சரிகிறது. தூக்குவதற்கு முன் வேகமாக வாங்கிய மூச்சு இரத்தத்தின் கரியமில வாயுவைக் குறைத்துவிட்டிருப்பதால் மூளைக் குழாய்கள் சுருங்கி வேறு இருக்கின்றன. மூளைக்கு இரத்தம் போதாமல் ஆள் விழுகிறார். 1973-இல் ‘லான்செட்’ இதழில் மூவர் இதைப் பற்றி எழுதி, எடைதூக்குபவரின் மயக்கம் என்றே பெயரும் வைத்தார்கள். படுத்த நிலைக்கு வந்ததும் இரத்தம் தானாகவே தலைக்குத் திரும்புகிறது. விழுந்ததுதான் வைத்தியம், பக்கத்தில் நிற்பவர்கள் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தப் பார்ப்பதுதான் கெடுதல்.

அப்படியானால் இந்தத் தொழிலில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் மேடை வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் அதைத் தேடக்கூடாது. நான்கு முறை ‘உலகின் பலசாலி’ பட்டம் வென்ற ஐஸ்லாந்தின் யோன் பால் சிக்மார்சன் 1993 ஜனவரியில், 32 வயதில், பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கும்போதே பெருந்தமனி கிழிந்து இறந்தார். 2005-இல் அதே போட்டியில் இரண்டாமிடம் வந்த அமெரிக்கர் ஜெஸ்ஸி மருண்டே இரண்டாண்டு கழித்து 27 வயதில் போனார். காரணம் இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய். 2003-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் எலஃப்தீரியாடிஸ் குழு, எடை தூக்கும்போது பெருந்தமனி கிழிந்த ஐந்து பேரை ஆராய்ந்தது. ஐந்து பேருக்கும் தமனி ஏற்கெனவே வீங்கியிருந்தது. அது யாருக்கும் தெரியாமல் இருந்தது. டியூபிலேயே பலவீனம் இருந்தால் டயர் எவ்வளவு நேரம் காப்பாற்றும்? ஊக்கமருந்தின் பங்கும் இதில் உண்டு. ஒலிம்பிக் அளவுக்குக் கறாரான சோதனை இந்த விளையாட்டில் இல்லை என்பதால், எந்த மரணத்துக்கு எது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவரை நம்ப வேண்டாம்.

எனக்கு மேடையைவிட அவர்களுடைய கட்டில்தான் கவலை. பெரிய பலசாலிகளின் எடை 180 கிலோ, 200 கிலோ. கழுத்து அதற்குத் தக்கபடி. ஆணுக்குக் கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டரைத் தாண்டினாலே தூக்கத்தில் மூச்சடைப்பு வருமா என்று டாக்டர்கள் சந்தேகப்பட ஆரம்பிப்பார்கள். சதையோ கொழுப்போ, தொண்டைக்கு இரண்டும் ஒன்றுதான். மல்லாந்து படுத்ததும் தொண்டை மூடிக்கொள்கிறது. உதரவிதானத்துக்கு அது தெரியாது. மூடிய குழாய் வழியாகவே மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்கிறது. பகலில் செய்ததற்கு நேர் தலைகீழ். பகலில் மூடிய வாசலை எதிர்த்து வெளியே தள்ளினார், மார்பழுத்தம் ஏறியது, பெருந்தமனிக்கு வெளியிலிருந்து முட்டு கிடைத்தது. இரவில் மூடிய வாசலை எதிர்த்து உள்ளே இழுக்கிறார், மார்பழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே போகிறது. தமனியின் சுவர் வெளிப்புறமாக இழுபடுகிறது. அதே நேரம் மூச்சுத் திணறி விழிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இரத்த அழுத்தம் எகிறுகிறது. டயரைக் கழற்றிவிட்டுக் காற்றடிப்பது என்றால் இதுதான். (பஞ்சர் கடைக்காரர் படித்தால் சிரிப்பார், இத்தோடு டியூபை விட்டுவிடுகிறேன்.) நோய் முற்றியவர்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். டெட்லிஃப்ட் சில நொடி வேலை. தூக்கம் வருடம் முழுவதும்.

எடி ஹால் மூக்கில் முகமூடி மாட்டி, காற்றைத் தொடர்ந்து செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரத்தோடு தூங்கியவர். 2017-இல் போட்ஸ்வானாவில் ‘உலகின் பலசாலி’ பட்டத்தை வாங்கியதும், 29 வயதிலேயே, இனி அந்தப் போட்டிக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். இந்த எடையில் தொடர்வது உடம்புக்கு ஆகாது என்று ஒளிக்காமல் சொன்னார். சொன்னபடி எடையைக் குறைக்கவும் செய்தார். போலந்தின் மாரியூஷ் புட்ஜியானோவ்ஸ்கி ஐந்து பட்டங்களோடு கலப்புச் சண்டைக்குப் போனார்; அங்கே அளவுக்கு மீறிய எடையோடு நெடுநேரம் தாங்குவது கடினம். பியோர்ன்சனும் குத்துச்சண்டைக்காகக் கிட்டத்தட்ட 50 கிலோ இறக்கினார், 2022-இல் துபாயில் ஹாலைத் தோற்கடித்தார், மறு ஆண்டு பெஞ்ச் பிரஸ்ஸில் மார்புத் தசை கிழிந்தது, பிறகு எடையேற்றித் திரும்பி வந்து 36 வயதில் இந்த 510. முப்பத்தைந்தில் இந்த விளையாட்டு முடிந்துவிடும் என்று எழுதிய நிபுணர்கள் இப்போது வேறு வயதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் மார்க் ஃபீலிக்ஸின் பக்கமும் ஒருமுறை பார்க்கலாம். கிரனடாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்பவர். முப்பது வயதுகளின் பின்பாதியில்தான் இந்த விளையாட்டுக்கே வந்தார். 57 வயதில், 2023-இல், கடைசியாக உலகப் போட்டியில் நின்றார். அவருடைய கைவரிசை ஹெர்குலிஸ் ஹோல்டு என்ற போட்டியில்: இரு பக்கமும் சாய்ந்து விழப் பார்க்கும் தூண்களைச் சங்கிலியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கை நழுவும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஒன்றரை நிமிடம் பிடித்திருக்கிறார். அவ்வளவு நேரம் அந்தப் பிடியில் யாராலும் தம் கட்டி நிற்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னச் சின்னதாக மூச்சு விட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.