பக்கவாத்தியமாய் நின்ற பாலையா

கல்லூரி நாடகத்துக்குப் பாத்திரம் பங்கிடும் நாளில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. அரசன் வேடத்துக்குப் பத்துப் பேர் கை உயர்த்துவர். அமைச்சன் வேடத்துக்கோ ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்த வேண்டியிருக்கும். "எனக்குப் பேச்சுக் குறைவு, சேர்" என்று முகம் வாடி நிற்கும் அம்மாணவனுக்கு நாம் எடுத்துச் சொல்லும் பெயர் ஒன்றே. அது ரி. எஸ். பாலையா என்பதாகும்.

நாடக மேடையிற் பயின்ற பாலையா திரைக்கு வந்தது 1936 ஆம் ஆண்டில், எல்லிஸ் ஆர். டங்கன் நெறிப்படுத்திய 'சதி லீலாவதி'யில். எம். ஜி. இராமச்சந்திரன் சிறு வேடமேற்றுத் திரையுலகிற் புகுந்ததும் அப்படத்திலேதான். அதன் நாயகன் குடிக்கு அடிமையாகி, கொலைப்பழிக்கு அஞ்சி, நம் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு ஓடிவந்து தொழிலாளியாய் உழல்கிறான். அவனைக் கெடுத்த கூடா நட்பின் உருவமாக வந்தவர் பாலையா. மறு ஆண்டில் 'அம்பிகாபதி' வெளிவந்தது. அதிலே தியாகராஜ பாகவதருக்கு எதிரியான உருத்திரசேனனாகத் தோன்றினார். இவ்வாறு வஞ்சகன் என்ற முத்திரை அவர் நெற்றியிற் குத்தப்பட்டது.

அம்முத்திரையோடு அவர் நின்றுவிடவில்லை. 1949 இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' வெளிவந்தது. அதில் அவர் நாயகனுக்கு உற்ற நண்பன். பழிவாங்கக் கத்தியைத் தூக்கும் தோழனைத் தடுத்து, அறிவால் வெல்லும் வழியைக் காட்டுபவர் அவரே. 1959 இல் பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'யில் மனைவியின் சொல்லுக்கு அஞ்சித் தம்பியைப் பிரியும் தமையன். பாசமும் பயமும் இரு பக்கமும் இழுக்க, நடுவே நின்று தவிக்கும் அம்மனிதரை நம் ஊர்களிலும் எத்தனையோ வளவுகளில் நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

நகைச்சுவை என்றால் 1964 இல் ஸ்ரீதர் அளித்த 'காதலிக்க நேரமில்லை'யை மறக்கவியலாது. படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், பணக்காரத் தந்தையான பாலையாவுக்குப் பேய்க்கதை ஒன்றைச் சொல்லும் கட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே கதை சொல்பவர் நாகேஷ். பாலையாவுக்கு உரிய வேலை கேட்பது மட்டுமே. ஆயினும், அந்தக் கண்கள் மிரளுவதையும் உடல் ஒடுங்குவதையும் பார்த்தபின்னரன்றோ அக்கதை நமக்கும் அச்சந்தருவதாகவும் சிரிப்பூட்டுவதாகவும் ஆகிறது! கேட்பவர் சரியாகக் கேட்டிராவிடில் சொன்னவரின் திறமை பாதி வீணாகியிருக்கும்.

மறு ஆண்டில் வந்த புராணப் படமான 'திருவிளையாடல்' அவருக்கு ஏமநாத பாகவதர் வேடத்தைத் தந்தது. பாடிய குரல் பாலமுரளி கிருஷ்ணாவுடையது. எனினும் அக்குரலுக்குரிய செருக்கைத் தம் தலையசைவிலும் விரலசைவிலும் ஏற்றிக் காட்டியவர் பாலையா. பாண்டியன் அவையையே துரும்பாக மதித்த அந்த வித்துவான், விறகு விற்பவனாக வந்த இறைவனின் இசையைக் கேட்டு வெலவெலத்துப் போகிறார். அவருடைய இறுமாப்பு அத்துணை உயரத்தில் நின்றிராவிடில் இறைவனின் ஆடலுக்கு ஏது பெருமை? இங்கும் அவர் வெற்றி பெற்றது கேட்கும் கலையினாலேயாம்.

1968 இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' அவருக்குப் பொருத்தமாகத் தவில் வித்துவான் வேடத்தையே அளித்தது. நாதஸ்வரம் சிவாஜி கணேசனுக்கு, தவில் பாலையாவுக்கு. முன்கோபியான சண்முகசுந்தரத்தின் அருகிருந்து, சிரிக்க வைத்தும் சினந்தணித்தும் அவர் துணைநிற்கிறார். தவில் மேதை தட்சிணாமூர்த்தியை ஈன்ற யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. தவில் தளர்ந்தால் நாதஸ்வரம் தள்ளாடும். தவில் மிஞ்சினாலோ நாதஸ்வரம் அமுங்கும். தளராமலும் மிஞ்சாமலும் நிற்பதற்கு எத்துணை அடக்கம் வேண்டும்!

பாலையா 1972 இல் மறைந்தார். வஞ்சகன், நண்பன், தமையன், தந்தை, பாடகன், தவிற்காரன் என எத்தனையோ உருவங்களில் 36 ஆண்டுகளாகத் திரையிலே பிறருக்குத் தோள்கொடுத்தவர் அவர். குடும்பத்திலும் இப்படிப்பட்டோர் உளர். ஒருவர் பேச மற்றவர் கேட்கிறார்; ஒருவர் புகழ்பெற மற்றவர் அடுப்படியிலோ திண்ணையிலோ இருந்து தாங்குகிறார். அவர்களின் பெயரை எவரும் பெரிய எழுத்தில் எழுதுவதில்லை.

வாசக நேயர்களே, அப்பேய்க்கதைக் கட்டத்தை மறுமுறை பார்க்க வாய்த்தால், நாகேஷைச் சற்றே மறந்து பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பேச்சுக் குறைவென்று வருந்தும் எம் மாணவரிடமும் நாம் அதையே சொல்லியனுப்புகிறோம். பார்த்துவிட்டு வந்தவர்களிற் சிலர், அமைச்சன் வேடத்தைத் தாமாகவே கேட்டு வாங்கியதுண்டு.