முகத்தைத் திருத்த விரும்புவோர் கவனத்திற்கு

சென்ற தை மாதம் நம் இல்லத்தில் ஒரு பிரச்சினை எழுந்தது. நம் இளைய சகோதரிக்கு வயது 24. இரண்டு இடத்தார் வந்து பெண் பார்த்துச் சென்றனர். பிறகு தகவல் இல்லை. "மூக்கு சற்றுப் பெரிது" என்று அவர்களுள் ஒருவர் கூறியது எப்படியோ அவள் செவிக்கு எட்டிவிட்டது. ஒரு நாள் மாலை நாம் ரயில்வே அலுவலகத்திலிருந்து திரும்பியதும், "அண்ணா, பிராவிடண்டு பண்டில் பணம் எடுத்துத் தர முடியுமா? மூக்கைத் திருத்திக்கொள்ளப் போகிறேன்" என்றாள். அன்னையார் கண் கலங்கினார். நாம் கோபிக்கவில்லை, அவளை ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். அங்கு அறிந்தவை பிற இல்லங்களுக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறோம்.

இச்சிகிச்சை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நாம் குடியேறி வாழும் இந்தப் புனே நகரத்தை ஒட்டியே அதன் புகழ்பெற்ற வரலாறு ஒன்று உண்டு. ஆங்கிலப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர், மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், மெழுகால் மூக்கின் அளவெடுத்து, நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு அமைத்தார். 1794-ல் இச்செய்தி லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதைக் கண்ட ஜோசப் கார்ப்யூ என்னும் டாக்டர் 1814-ல் அம்முறையை லண்டனில் செய்து பார்த்தார். கோவாஸ்ஜிக்கு மூக்குக் கிடைத்தது. நெற்றியில் ஒரு தழும்பும் கிடைத்தது. ஒன்றைப் பெறும்போது ஒன்றைக் கொடுக்க நேரும் என்பது இன்றைக்கும் பொருந்தும்.

டாக்டர் விளக்கியவை இவை. எலும்பு, குருத்தெலும்பு, தோலின் தடிப்பு ஆகியவை இடம் கொடுக்கும் அளவுக்கே மாற்றம் செய்ய இயலும். சினிமா நட்சத்திரத்தின் படத்தைக் காட்டி அதே மூக்கைக் கேட்பது வீண். கம்ப்யூட்டரில் காட்டும் உருவம் ஒரு வழிகாட்டியே, உறுதிமொழி ஆகாது. கண்களைச் சுற்றிய கருமையும் கண்டலும் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் குறையும். உள்வீக்கம் முற்றும் வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டு ஆகலாம். மூச்சுத் தடை, இரத்தப் போக்கு, மயக்க மருந்தின் விளைவு ஆகிய அபாயங்கள் உண்டு. சிலருக்கு இரண்டாம் முறையும் ரண சிகிச்சை தேவைப்படும். புகை பிடிப்போர் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். முக வளர்ச்சி முடியாத பிள்ளைகள் காத்திருக்க வேண்டும்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. விளம்பரத்தை நம்பி அழகு நிலையங்களை நாடாமல், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். போன்ற பட்டம் பெற்றவரா என்று விசாரித்துக்கொள்வது நலம்.

இறுதியில் டாக்டர் நம் சகோதரியை நோக்கி, "இது யாருக்காக அம்மா?" என்று கேட்டார். அவள் தலை குனிந்தாள். "உனக்கே நெடுநாளாக உள்ள ஒரு குறை என்றால், அந்தக் குறையை ஓரளவு நீக்கலாம். பெரும்பாலோர் திருப்தி அடைகிறார்கள். ஆனால் மூக்கைத் திருத்தினால் வரன் அமையும் என்று நான் சொல்ல முடியாது" என்றார் அவர். பிறர் கண்ணுக்குத் தெரியாத சிறு குறையை எண்ணி நாள்தோறும் கண்ணாடி முன் மணிக்கணக்கில் வருந்துவோருக்குக் கத்தியால் பயனில்லை என்றும், அவர்கள் மனநல டாக்டரையே பார்க்க வேண்டும் என்றும் கூறினார்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. "வரனுக்காக வேண்டாம் அண்ணா. ஒரு வருஷம் போகட்டும். அப்போதும் எனக்கே வேண்டுமென்று தோன்றினால், என் சம்பளத்தில் சேர்த்துச் செய்துகொள்கிறேன்" என்றாள். அது அவள் முடிவு. நாம் தடை சொல்லப் போவதில்லை.

பெண் பார்க்கச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மனத்திற்குப் பிடிக்காவிடில் "பொருந்தவில்லை" என்று சொல்லி விடைபெறுங்கள். மூக்கையும் நிறத்தையும் பற்றிப் பேச வேண்டாம். நீங்கள் படியிறங்குமுன் மறந்துவிடும் சொல்லை, அந்த வீட்டுப் பெண் பல நாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பாள்.