அரசு யாரிடம் கருத்துக் கேட்கிறது?

1

அரசாங்கம் ஒரு வரைவை வெளியிட்டு 'கருத்துச் சொல்லுங்கள்' என்கிறபோது கேள்வியை மட்டும் முன்வைப்பதில்லை. பதில் சொல்லத் தகுதியானவர் யார் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. எந்த மொழி, எத்தனை நாள், எந்த முகவரி என்கிற மூன்று வாசல்களிலேயே பெரும்பாலோர் நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள். உள்ளே போக முடிகிறவர்கள் பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்று துறைசார் சங்கங்களில் இருக்கிறவர்கள். கள்ளக்குறிச்சியில் அப்படியொரு பொறியாளர் சங்கத்தின் உறுப்பினன் என்கிற இடத்திலிருந்துதான் பேசுகிறேன். உள்ளே போனவன் என்ன பேசுவது?

2

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஏப்ரலில், நாடே ஊரடங்கில் கிடந்தபோது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் அரசிதழில் வந்தது. கெடு 60 நாள். பிறகு நீண்டது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொல்லி, ஆகஸ்ட் 11 வரை அவகாசம் கொடுத்தது தில்லி உயர் நீதிமன்றம். மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கல்வராயன் மலைப் பழங்குடிகளுக்கு 'மலையாளிகள்' என்று பெயர், பேசுவதோ தமிழ். அந்தத் தமிழில் வரைவு வரவில்லை.

வரைவின் உள்ளடக்கமும் இதே கதைதான். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 2006 அறிவிக்கை குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கேட்டது. இது 20 ஆக்கியது. தில்லியிலிருந்து பார்த்தால் பத்து நாள் சின்ன விஷயம். வெள்ளிமலைக்கு அப்பால், வெளியூர்க் கூலிக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள் உள்ள ஊர்களில், ஊர் கூடுமா கூடாதா என்பதே அந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது. இன்னொன்று: அனுமதியில்லாமல் தொடங்கிய திட்டத்தைப் பற்றித் திட்டக்காரர் சொல்லலாம், அரசு அமைப்புகள் சொல்லலாம், ஊர்க்காரன் சொல்வதற்கு வரைவில் இடமில்லை. கோமுகி ஆறு கலங்கி வந்தா அதை மொதல்ல பார்க்கிறவன் யாரு? பார்த்தவனின் சொல் சாட்சியமாகாது, அதிகாரியின் குறிப்பே சாட்சியம் என்கிற இந்த ஏற்பாட்டைத்தான் அறிவு-அதிகாரம் பற்றிய ஃபூக்கோவின் பேச்சு நமக்குக் காட்டித்தந்தது.

3

சரி, எப்படி எழுதுவது?

'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று மட்டும் எழுதினால் அதை எதிர்ப்புகளின் எண்ணிக்கையில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், அதற்குப் பதிலாக நாம் கேட்கும் வாசகம், காரணம் என்று நான்காகப் பிரித்து எழுதினால், பதில் சொல்லாமல் தாண்டுவது கடினம். காரணம் நம் துறையிலிருந்தும் நம் ஊரிலிருந்தும் வர வேண்டும். நீரோட்டம் தெரிந்தவர் நீரோட்டத்தை எழுதட்டும்.

'மக்கள் சார்பாக' என்று மட்டும் எழுதாதீர்கள். மலைக்குப் போய்த் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சம்மதத்தோடு, நம் நடைக்கு மெருகேற்றாமல், தனியாக இணையுங்கள். கிராம சபைத் தீர்மானம் கிடைத்தால் அது நம் அறிக்கையைவிடக் கனமானது. நம் வேலை வாசலைத் திறந்து பிடிப்பது, வாசலில் நின்றுகொள்வதல்ல.

சங்கத்தில் ஒப்பந்தக்காரரும் இருப்பார், ஆலோசகரும் இருப்பார். திட்டம் வந்தால் எங்களுக்கு வருமானம் உண்டு என்பதை அறிக்கையிலேயே சொல்லிவிடுவது நல்லது. செயற்குழு மௌனம் சாதித்தால் உறுப்பினர் தனியாக எழுதலாம். வரைவு விதிகளுக்கு ஆட்சேபம் சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு. அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு முன்-சட்டமியற்றல் கலந்தாலோசனைக் கொள்கை, வரைவுகளை 30 நாளாவது பொதுவில் வைக்கவும் வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிடவும் சொல்கிறது. அந்தச் சுருக்கம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

4

'எழுதி என்ன ஆவப்போவுது?' என்பார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்த 2020 வரைவு இறுதி அறிவிக்கையாகவில்லை. ஆனால் விதிமீறல் திட்டங்களைக் கையாளும் நடைமுறை 2021 ஜூலையில் ஓர் அலுவலகக் குறிப்பாணையாக வந்தது. அதற்கு யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. ஆகவே கேட்டதற்குப் பதில் சொன்னால் மட்டும் போதாது. கேட்காமல் போவதையும் கவனிக்க வேண்டும்.

இதற்கான உதாரணம் நம்மூரிலேயே இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த மாதம் முடிவதற்குள் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை ஆயுள் வரை உயர்த்தியது சட்டமன்றம். 2014 கொள்கை மாநில அரசைக் கட்டுப்படுத்தாது. 30 நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டிருந்தால் மருத்துவர்கள் மாற்று மருந்தின் கையிருப்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மலைக்காரர்கள் சாலை, பள்ளி, பிழைப்பு பற்றிச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம்தான் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

யாரும் கேட்காதபோதும் நான்கு பக்கம் எழுதி அனுப்புகிற சங்கங்கள் நமக்கு வேண்டும். அழைப்பு வந்தால்தான் பேசுவோம் என்று காத்திருக்கிறவரை, யார் பேசலாம் என்பதை அரசே முடிவு செய்துகொண்டிருக்கும்.