உங்களுக்குத் தெரியுமா? – ஏற மறுக்கும் கோப்பு

தோட்டத்திலிருந்து பஸ் ஏறி மொனராகலை டவுனுக்கு வந்து, கொமியூனிகேஷன் கடையில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் படத்தை அப்லோட் பண்ணினால் ‘பிழை’ என்று ஒரே ஒரு சொல் வருகிறதா? போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். பிஎச்பியில் எழுதிய தளங்களில், யாரும் மாற்றாதவரை, ஒரு கோப்புக்கு 2 எம்பிதான் அனுமதி.

படிவம் முழுவதற்கும் 8 எம்பி. அதைத் தாண்டினால் கோப்போடு பெயர், முகவரி எல்லாமே சேர்வரில் காணாமல் போகும். ‘பெயரை நிரப்பவும்’ என்று தளம் கேட்கும்; நிரப்பியவர் திருதிருவென விழிப்பார்.

பிஎச்பியில் வரம்பைக் கூட்டியும் 413 என்ற எண் வந்தால், முன்வாசலில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் நிற்கிறதா என்று பாருங்கள். மாற்றாதவரை அதன் வரம்பு 1 எம்பி.

பிஎச்பியின் அப்லோட் பிழை எண்கள் 0 முதல் 8 வரை. நடுவில் 5 மட்டும் இல்லை! 0 என்றால் எல்லாம் சுகம். 3 என்றால் கோப்பு பாதிதான் வந்திருக்கிறது. 4 என்றால் கோப்பே வரவில்லை. 7 என்றால் வந்ததை டிஸ்க்கில் எழுத முடியவில்லை. இந்த எண்ணைப் பார்க்காமலே கோட் முழுவதையும் மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோப்புக்கு ஊர்ப் பெயரையே வைத்தால்? ‘மொனராகலை’ நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் 8 குறி, யுடிஎஃப்-8 முறையில் 24 பைட். லினக்ஸ் சேர்வர்களில் கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்டக்கூடாது. அதாவது தமிழில் 85 குறி. வாலும் தலையுமாக நீட்டிப் பெயர் வைக்கும் ஆபீஸ் கடிதங்கள் இங்கே மாட்டும். இன்னொரு வேடிக்கை ‘மொ’வில் இருக்கிறது. அதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மாக் கணினிகள் பிரித்தே சேமித்தன. கண்ணுக்கு ஒரே பெயர். சேர்வருக்கோ ஒன்று 24 பைட், மற்றது 27 பைட். கோப்பு உள்ளே இருந்தும் ‘இல்லை’ என்று 404 வரும். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இந்தத் தலைவலி கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்! மொனராகலைக்காரர்கள் கோப்பை ஓர் இலக்கத்தில் சேமித்து, தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எழுத அனுமதி இல்லை என்றதும் ஃபோல்டருக்கு 777 என்ற அனுமதி எண்ணைப் போடுவது பலருக்குக் கைவந்த பழக்கம். அந்தச் சேர்வரில் கணக்குள்ள எவரும் அதில் எழுதலாம், அழிக்கலாம். ஃபோல்டரை வெப் சேர்வரின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும்.

பிரவுசர் படிவத்தில் கோப்பு அனுப்பும் முறையை செராக்ஸ் நிறுவனத்தார் இருவர் 1995 நவம்பரில் எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன ‘மல்டிபார்ட்’ என்ற குறிப்பைப் படிவத்தில் போட மறந்தால் இன்றும் கோப்பின் பெயர் மட்டும்தான் போய்ச் சேரும். பணம் வைக்காத மொய்க் கவர் மாதிரி.