மலாக்காவில் நால்வருக்கு அன்பளிப்பு

எடைக்கல்லுக்கு முத்திரை போட ஒரு அலுவலகம், வரிக்கு ஒரு அலுவலகம் என்று அலையும் நமக்கு, 500 ஆண்டுகளுக்கு முந்திய மலாக்கா சுல்தானகம் புதிதாகத் தோன்றாது.

சுல்தானுக்கு அடுத்தவர் பெண்டகாரா. காவலும் எடை அளவுகளும் தெமெங்கோங் பொறுப்பு. துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள். குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர். சோழமண்டலக் கரைத் தமிழருக்கும் வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கும் சேர்த்து ஒருவர். கப்பல்காரரைப் பெண்டகாராவிடம் அழைத்துப் போவதும், கிடங்கு கொடுப்பதும், சரக்கு சுமக்க யானை ஏற்பாடு செய்வதும் அவர் வேலை.

நம்மவர் சரக்குக்கு வரி நூற்றுக்கு 6. அதோடு முடிந்ததா? சுல்தான், பெண்டகாரா, தெமெங்கோங், ஷாபந்தர் நால்வருக்கும் அன்பளிப்பாக இன்னும் ஒன்றோ இரண்டோ. ஒன்றா இரண்டா என்று முடிவு செய்தவர் ஷாபந்தரே! அவரிடம் வணிகர்கள் நல்லபடியாக நடந்துகொண்டதில் வியப்பில்லை. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிக்கும்வரை இதுதான் நடைமுறை.